தவறணையும் சட்டமும்: இலங்கையின் மதுவரிச் சட்டங்களின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

மதுவைப் பற்றி நமது நாட்டிலே தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அறநெறி நோக்கில் அமைந்தவை. குடி குடியைக் கெடுக்கும் என்பது அவற்றின் தொடக்கமும் முடிவுமாகும். மதுவை விற்பதற்கு அரசு இயற்றிய சட்டங்களை ஆராய்ந்தவை மிகச் சில. அவற்றிலும், சட்டம் ஒழுக்கத்தைக் காப்பதற்காக எழுந்தது என்ற எண்ணமே ஆய்வின் முடிவாக அன்றி அதன் முற்கோளாக இடம்பெறுகின்றது. சட்டத்தை அதன் பொருளாதார அடித்தளத்திலிருந்து பிரித்து, தனித்தியங்கும் நீதியுணர்வின் வெளிப்பாடாகக் காணும் கருத்துமுதல்வாத நோக்கே இதற்குக் காரணம் எனலாம்.

இலங்கையின் மதுவரிச் சட்டங்களை வரலாற்று அடிப்படையில் நோக்கும்போது வேறொரு சித்திரம் தெரிகின்றது. மக்கள் எவ்வளவு குடிக்கவேண்டும் என்பதனை இச்சட்டங்கள் ஒழுங்குபடுத்தியதிலும் பார்க்க, தென்னையிலும் பனையிலுமிருந்து இறக்கப்படும் பானத்தின் உபரி யாருக்குச் சேரவேண்டும் என்பதனையே கூடுதலாக ஒழுங்குபடுத்தின. குத்தகைகாரன், வடிசாலை உரிமையாளன், அரசு ஆகிய மூவரும் சட்டத்தின் கண்ணுக்கு உரிமையுடையோராகத் தெரிந்தனர். மரத்தில் ஏறிய உழைப்பாளியோ, பெரும்பாலும் குற்றஞ் செய்யக்கூடியவனாகவே தெரிந்தான். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தெளிவுபடுத்தல் இங்கு அவசியமாகின்றது. குடியினால் உழைக்கும் மக்களின் குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், நேரும் அழிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வழிவு உண்மையானது. அதனைக் காரணங் காட்டி இயற்றப்பட்ட சட்டங்கள் அதனைத் தடுத்தனவா, அன்றி அதிலிருந்து வருமானம் பெற்றனவா என்பதே நமது கேள்வி.

2

ஆய்வை உற்பத்தியிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. கள்ளும் சாராயமும் ஒரே மரத்தின் பாளையிலிருந்து வருவன. எனினும் பொருளாதாரப் பண்பில் அவை இரண்டும் வேறானவை. கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். மறுநாள் அதன் பெறுமதி பெரிதும் குறைந்துவிடும். அதனைச் சேமித்து வைத்தோ தூர இடங்களுக்கு அனுப்பியோ பெரும் இலாபம் பெறுதல் அக்கால நிலைமைகளில் இயலாதது. இறக்கியவன் இறக்கிய இடத்துக்கு அண்மையிலேயே விற்கவேண்டும். ஆகவே கள், சிறு உற்பத்தியாளனின் பண்டமாக, ஊர் எல்லைக்குள் நிற்பதாக இருந்தது.

கள்ளை வடித்துப் பெறும் சாராயம் கெடுவதில்லை. பீப்பாய்களில் அடைத்து வைக்கலாம்; வண்டியிலேற்றி மலைநாட்டுக்கு அனுப்பலாம்; கப்பலேற்றலாம்; விலை ஏறும்வரை காத்திருக்கலாம். அதாவது, அதிலே மூலதனம் தங்கிப் பெருக முடியும். இலங்கையின் உள்நாட்டு மூலதனத் திரட்சியின் வரலாற்றில் கள்ளுக்கு இல்லாத இடம் சாராயத்துக்கு இருப்பது இக்காரணம் பற்றியே. மதுவைப் பற்றிய சட்டங்கள் நெடுங்காலமாகச் சாராயத்தையே மையமாகக் கொண்டு அமைந்தமைக்கும் இதுவே விளக்கமாகும்.

ஒல்லாந்தர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் மதுபான விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். பிரித்தானியர் அம்முறையைத் தொடர்ந்தனர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் மலைநாட்டுக்கும் விரிவாக்கினர். குத்தகையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் சிங்களத்தில் 'ரேந்த' என வழங்குவதும், தவறணை என்ற நமது சொல் ஐரோப்பியர் வழி வந்ததும் தற்செயலானவை அல்ல. பண்டமும் பழக்கமும் இந்நாட்டுக்குரியவை. அவற்றின் மீதான ஏகபோக உரிமை வெளியிலிருந்து வந்த ஆட்சியின் ஆக்கம்.

குத்தகை முறை எவ்வாறு இயங்கியது என்பதைச் சுருங்கக் கூறலாம். ஒரு குறித்த பிரதேசத்தில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் உரிமையை அரசாங்க அதிபர் ஏலத்தில் விடுவார். கூடிய தொகை கேட்டவன் அப்பிரதேசத்தின் குத்தகைகாரனாவான். அவன் தவறணைகளைத் தானே நடத்தலாம். தனித்தனியே கீழ்க்குத்தகைக்கும் விடலாம். அரசுக்கோ விற்பனை பற்றிய தொல்லையின்றி முன்கூட்டியே கணிக்கக்கூடிய வருமானம் கிடைத்தது. நெல்வரி, உப்பு, சுங்கம் ஆகியவற்றோடு சாராயக் குத்தகையும் 19ஆம் நூற்றாண்டில் அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாக விளங்கியது. நெல்வரி 1892இல் நீக்கப்பட்டது. சாராய வருமானம் நீங்கவில்லை. உழவன் மீதான வரியை விட்டுக்கொடுக்க முடிந்த அரசு, குடிப்பவன் மீதான வரியை விட்டுக்கொடுக்க ஒருபோதும் முன்வரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சாராயம் பற்றிய முந்திய விதிகளைத் தொகுத்து இம்முறைக்கு உறுதியான சட்ட வடிவம் அளித்தது. அது பிறந்த காலத்தைக் கவனித்தல் வேண்டும். அப்போது மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் விரைவாகப் பெருகிக்கொண்டிருந்தன. வீதிகள் அமைக்கப்பட்டன; வண்டிக்காரர் அவ்வீதிகளில் இரவும் பகலும் சென்றனர்; தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் திரள் திரளாகக் கொண்டுவரப்பட்டனர். கூலி பணமாக வழங்கப்பட்ட இடமெல்லாம் தவறணைக்குச் சந்தை தோன்றியது. தோட்டத் துரைமார், தொழிலாளர் குடித்துவிட்டு வேலைக்கு வருவதில்லை என முறையிட்டனர். ஆனால் அத்தொழிலாளரைக் கொண்டுவந்து, குடும்ப வாழ்வும் ஓய்வும் பொழுதுபோக்கும் அற்ற லயங்களில் அடைத்து, கையிற் சிறிதளவு காசையும் கொடுத்தது அவர்களது உற்பத்தி முறையேயாகும். தோட்டமும் தவறணையும் ஒன்றையொன்று வெறுப்பனபோற் காட்டிக்கொண்டே ஒன்றாக வளர்ந்தன.

இக்குத்தகைகளை எடுத்தவர் யாவர்? மொறட்டுவை, பாணந்துறை முதலிய மேற்குக் கரையோரப் பட்டினங்களைச் சேர்ந்த வணிகக் குடும்பங்கள் இவர்களுள் முன்னணியில் நின்றன. மைக்கல் ரொபேட்ஸ் கராவ சமூகத்து உயர்குழாத்தின் எழுச்சி பற்றி 1982இல் வெளியிட்ட நூலும், குமாரி ஜயவர்த்தன காலனித்துவ பூர்ஷ்வா வர்க்கத்தின் தோற்றம் பற்றி 2000இல் வெளியிட்ட நூலும் இதனை விரிவாக நிறுவியுள்ளன. குத்தகைகாரர் தமக்குள்ளே கூட்டுச்சேர்ந்து ஏலத்தொகையைக் குறைத்துக்கொண்டனர். கிடைத்த இலாபம் கோப்பித் தோட்டங்களிலும், தென்னந் தோட்டங்களிலும், காரீயச் சுரங்கங்களிலும், கொழும்பின் நிலங்களிலும் முதலிடப்பட்டது. அடுத்த தலைமுறை இங்கிலாந்துக்குச் சென்று சட்டமும் மருத்துவமும் கற்றுத் திரும்பியது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் கணிசமான பகுதி கைத்தொழிலிலிருந்து வந்ததன்று. அது அரசு ஏலம் விட்ட ஏகபோக உரிமையிலிருந்து வந்தது. அவ்வர்க்கம் தொடக்கம் முதலே காலனித்துவ அரசை எதிர்ப்பதற்குத் தயங்கியமைக்கான காரணங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும்.

3

குத்தகை முறையை மாற்றியமைத்தது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமாகும். மறு ஆண்டில் மதுவரித் திணைக்களம் உருவாயிற்று. இந்திய மாகாணங்களில் நடைமுறையிலிருந்த அப்காரிச் சட்டங்களின் வடிவத்தை இச்சட்டத்திற் காணலாம். பல திருத்தங்களுக்கு உட்பட்டபோதிலும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் மதுவரி நிருவாகத்துக்கு அடிப்படையாக இருந்துவருவது இதுவே.

சட்டத்தின் அமைப்பு அதன் நோக்கத்தைத் தெளிவாக்குகின்றது. இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லல், உற்பத்தி, விற்பனை, உடைமை என மதுவின் ஒவ்வொரு அசைவையும் அது தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அனுமதிப் பத்திரத்தை விதித்தது. மரத்தின் பாளையைச் சீவுவதும், அதிலிருந்து கள் இறக்குவதும் அனுமதியின்றிச் செய்யலாகாதவை ஆயின. முன்பு அரசு குத்தகைகாரனிடம் உரிமையை விற்றுவிட்டு ஒதுங்கி நின்றது. இப்போது அரசே தன் உத்தியோகத்தரை மரத்தடிவரை அனுப்பியது.

இந்த மாற்றத்தை நிருவாகச் சீர்திருத்தமாக மாத்திரம் கொள்ளல் போதாது. குத்தகைகாரர் கூட்டுச்சேர்ந்து ஏலத்தொகையைக் குறைத்தமையால் உபரியின் ஒரு பகுதி அரசின் கையை விட்டு நழுவியது. புதிய முறை அதனை அரசின்பாற் திருப்ப முயன்றது. அத்துடன் சாராயத்தையும் கள்ளையும் அது பிரித்தது. கள்ளுக்கெனத் தனியான தவறணைகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. கள்ளு சாராயத்திலும் தீங்கு குறைந்தது. மக்களைச் சாராயத்திலிருந்து கள்ளுக்குத் திருப்பலாம் என்பது அரசு தரப்பின் வாதம். ஆனால் தவறணை இல்லாதிருந்த ஊர்களிலும் தவறணை தோன்றியதே மக்கள் கண்ட விளைவு. ஒழுக்கத்தைக் காக்கும் சட்டம் எனப் பெயர் பெற்றது, விற்பனை நிலையங்களைப் பெருக்கிய சட்டமாக நடைமுறையில் அமைந்தது.

சீவற் தொழிலாளியின் நிலையில் நின்று இச்சட்டத்தை வாசித்துப் பார்த்தல் பயனுடையது. தளைநாரும் பாளைக்கத்தியும் முட்டியும் கொண்டு காலையும் மாலையும் மரமேறுபவன் அவன். மரம் பெரும்பாலும் அவனுடையதன்று, நிலவுடைமையாளனுடையது. மரத்துக்கு அவன் வாரம் கொடுக்கவேண்டும். இறக்கிய கள்ளை அனுமதி பெற்ற தவறணைக்கே, அங்கு விதிக்கப்பட்ட விலைக்கே, கொடுக்கவேண்டும். கள் ஒரு நாளிற் கெடுவதால் விலைக்காகக் காத்திருக்க அவனால் இயலாது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கருப்பணி இறக்கினால் அது குற்றமன்று. சுண்ணாம்பு பூசாது விட்டால், அனுமதி இல்லாதவிடத்து அது குற்றம். மேலேயிருந்து விழுந்து இறந்தாலோ ஊனமுற்றாலோ அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி மதுவரிச் சட்டம் எதனையும் சொல்லவில்லை. மரத்தைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் அளவைப் பற்றியும் இத்துணை நுணுக்கமாகப் பேசும் சட்டம், ஏறுபவனைக் குற்றவாளியாகவே அன்றி உழைப்பாளியாக எங்கும் காணவில்லை.

4

1912ஆம் ஆண்டின் சட்டத்துக்கு எதிராக எழுந்த மதுவொழிப்பு இயக்கம் இலங்கையின் தேசிய எழுச்சியின் முதற் கட்டங்களுள் ஒன்று எனப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அதற்கு முன்னோடியாக 1904ஆம் ஆண்டையொட்டி ஹாப்பிட்டிகம் கோறளை முதலிய பகுதிகளில் மதுவொழிப்புச் சங்கங்கள் தோன்றின. கிராமத் தலைமைக்காரர் இச்சங்கங்களில் பங்குபற்றக்கூடாது என அரசு தடைவிதித்தது. குடிக்காதிருக்குமாறு மக்களைத் தூண்டுவது அரசுக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டமை, அவ்வரசின் வருமானம் எதிற் தங்கியிருந்தது என்பதனை வெளிப்படுத்துகின்றது.

1912இல் இயக்கம் புதிய வேகம் பெற்றது. எவ். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஆர்தர் வி. டயஸ் முதலியோர் அதன் தலைமையில் நின்றனர். அநகாரிக தர்மபாலர் தவறணையைக் கிறித்தவ வல்லரசின் சின்னமாகச் சித்திரித்தார். பௌத்தத்தின் பஞ்சசீலத்துள் ஒன்று அரசியற் கோரிக்கையாக மாறியது. ஆங்கிலங் கற்ற சிறு குழுவினரின் மனுக்களாக இருந்த அரசியல், முதன்முறையாகக் கிராமத்து மண்டபங்களுக்கும் விகாரை முற்றங்களுக்கும் வந்தது. 1915ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது, மதுவொழிப்புச் சங்கங்கள் இராசத்துரோகத்தின் மறைவிடங்கள் என ஐயுற்ற அரசு இத்தலைவர்களைச் சிறையிலிட்டது. சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காக வாதாடியமை நன்கறியப்பட்டது.

இவ்வியக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்பு உள்ளடக்கத்தை நாம் மறுக்கவில்லை. அரசின் வருமானத்தைத் தாக்கியது என்ற வகையிலும், மக்களை அமைப்புரீதியாகத் திரட்டியது என்ற வகையிலும் அது முற்போக்கானதே. கரத்தை வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்த 1906ஆம் ஆண்டும், புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த 1912ஆம் ஆண்டும் இதே காலப் பகுதிக்குரியவை. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் வெளியிட்ட நூலில் மதுவொழிப்பு இயக்கத்துக்கு இடமளித்தமை இத்தொடர்பு கருதியே.

ஆயினும் அதன் வர்க்க எல்லைகளையும் காணாதிருத்தல் இயலாது. டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனாநாயக்க காரீயத்தாற் செல்வம் திரட்டித் தோட்டங்களிலும் சாராயக் குத்தகையிலும் முதலிட்டவர். ஆர்தர் வி. டயஸ் பாணந்துறைச் சாராய வணிகக் குடும்பமொன்றில் வந்தவர். இதனைத் தனிமனிதரின் போலித்தனமாக விளக்குதல் எளிது, ஆனால் தவறானது. சாராயத்திலிருந்து எழுந்த ஒரு வர்க்கம், தன் மூலதனத்தை வேறு துறைகளுக்கு மாற்றிக்கொண்டபின், தன் தோற்றத்தை ஒழுக்கத்தின் பெயரால் மறுத்துத் தேசத்தின் தலைமையைக் கோருவது வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. குத்தகைகாரனின் மகன் மதுவொழிப்பாளனானதில் முரண்பாடு இல்லை, வளர்ச்சியே உண்டு.

முரண்பாடு வேறோரிடத்தில் இருந்தது. இயக்கம் தவறணையைத் தாக்கியது. தவறணைக்கு மக்களைத் துரத்திய வாழ்க்கை நிலைமைகளைத் தாக்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியையோ, சீவற் தொழிலாளியின் வாரத்தையோ அது பேசவில்லை. தவறணை மூடப்பட்டால் மரமேறுபவன் என்ன செய்வான் என்ற கேள்வி அதன் மேடைகளில் எழவில்லை. மேலும், குடிக்குக் காரணம் அந்நியர் என்ற வாதம், வெள்ளை ஆட்சியாளனை விட்டு அயலிலிருந்த சிறு வணிகன்பால் எளிதிற் திரும்பக்கூடியதாயிருந்தது. பொருளாதார உறவாக விளங்கிக்கொள்ளப்படாத சுரண்டல், இனப்பகையாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதற்கு 1915 ஒரு கசப்பான சான்றாகும்.

5

தமிழ்ப் பிரதேசங்களுக்கு வருவோம். பண்டைத் தமிழிலக்கியத்திலே கள் இழிபொருளாகக் கருதப்படவில்லை. வீரயுகப் பாடல்களில் அது தலைவனும் பாணரும் பகிர்ந்துகொள்ளும் உணவு. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் அவனது கொடைக்குக் கள்ளே முதற் சான்றாக வருகின்றது. திருக்குறளிலே 'கள்ளுண்ணாமை' தனி அதிகாரமாகியது. குலத் தலைவனின் விருந்திலிருந்து அரசும் வணிகமும் நிலைபெற்ற சமூகத்தின் ஒழுக்க விதிக்கு நிகழ்ந்த நகர்வை இவ்வேறுபாட்டிற் காணலாம்.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இருவேறு திசைகளிலிருந்து மதுவொழிப்புக் கருத்து வந்தது. அமெரிக்க மிசனரிமார் தமது நாட்டு மதுவொழிப்புப் பிரசாரத்தை இங்கு கொணர்ந்தனர். அவர்களை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர் தமது பாலபாடத்திலே கள்ளுண்ணலைக் கொலை, களவு முதலியவற்றோடு வைத்துக் கண்டித்தார். சமயத்தால் மாறுபட்ட இரு தரப்பினரும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டமை கவனிக்கற்பாலது. கல்வி கற்று உத்தியோகம் பெற விழைந்த நடுத்தர வர்க்கத்துக்குச் சிக்கனமும் கட்டுப்பாடும் தேவையாயிருந்தன. விவிலியமும் சைவ சித்தாந்தமும் அத்தேவைக்குத் தத்தம் மொழியில் விளக்கமளித்தன.

பின்னர் ஒரு பகுதியில் தவறணை வேண்டுமா என்பதை அப்பகுதி மக்களின் வாக்கெடுப்பால் தீர்மானிக்கும் முறை வந்தபோது, குடாநாட்டில் அதற்கு ஆதரவு பெருகியது. 1924இல் தோன்றி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்ட அமைப்பு தீண்டாமையை எதிர்த்ததோடு மதுவொழிப்பையும் ஆதரித்தது. அதன் அழைப்பின்பேரில் 1927 நவம்பரில் வந்த காந்தி, மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் பற்றிப் பேசினார். அக்காலச் சூழ்நிலையில் இவ்விரண்டும் ஒரே சீர்திருத்தத்தின் இரு பகுதிகளாகத் தோன்றின. ஆனால் யாழ்ப்பாணச் சமூக அமைப்பில் அவை ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்பது போதியளவு உணரப்படவில்லை. சீவற் தொழில் நளவர், பள்ளர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் தொழில். தவறணையை மூடும் வாக்கு, மாற்றுத் தொழிலோ நிலமோ வழங்காதவிடத்து, அவர்களது அடுப்பை மூடும் வாக்காகவும் அமையக்கூடியது. தீண்டாமையை ஒழிக்க விரும்பிய அதே கை, தீண்டப்படாதவனின் சீவியத்தையும் பறிக்கக்கூடிய நிலை இது.

இங்கே சாதியத்தின் தருக்கம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சீவற் தொழிலாளி தன் கையால் இறக்கிப் பிளாவில் ஊற்றிய கள்ளை உயர்சாதியினர் எனப்பட்டோர் பருகினர். அதனால் அவர்களுக்குத் தீட்டு ஏற்படவில்லை. அதே கை பொதுக்கிணற்றில் நீர் அள்ளினால் கிணறு தீட்டுப்பட்டது. அதே மனிதன் தேநீர்க் கடையின் உட்புறத்திலிருந்து தேநீர் அருந்தினால் கடை தீட்டுப்பட்டது. ஆகவே தீட்டு என்பது தொடுகையைப் பற்றியதன்று. உழைப்பின் பயனைப் பெறுவதற்கு அது ஒருபோதும் தடையாயிருக்கவில்லை. உழைத்தவன் சமத்துவம் கோரும்போது மாத்திரமே தடையாயிற்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. மதுவரிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த மரத்தடிவரை சென்ற அரசு, இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கிணற்றடிவரை செல்லவில்லை. அதனைச் செய்தது 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தோடு எழுச்சிபெற்ற வெகுசனப் போராட்டமாகும். சட்டம் எழுத்தில் இருப்பதும் அது உயிர்பெறுவதும் ஒன்றல்ல என்பதனை அப்போராட்டம் உணர்த்தியது. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோரின் படைப்புகளில் ஒடுக்கப்பட்ட உழைப்பாளி ஒழுக்கப் போதனையின் பொருளாக அன்றி வரலாற்றை இயக்கும் மனிதனாக வந்தமையும் இப்பின்னணியிலேயே நோக்கப்பட வேண்டியது.

6

சீவற் தொழிலாளியை உரிமையுடையவனாகச் சட்ட அமைப்புக்குள் கொணர்ந்த குறிப்பிடத்தக்க முயற்சி, ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில், 1972இல் நிகழ்ந்தது. தனியார் தவறணை முறைக்குப் பதிலாக வடபகுதியில் சீவற் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப் பின்னர் அறியப்பட்டவை இவை. இறக்குபவனே விற்பனையிலும் பங்காளியானான். சேமிப்பும் நலன்புரி உதவியும் அவனுக்குக் கிடைக்கத் தொடங்கின. 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின், இடைத்தரகன் நீங்கினான். திக்கம் வடிசாலை போன்ற முயற்சிகள், கெட்டுவிடும் கள்ளைக் கெடாத பண்டமாக மாற்றும் வாய்ப்பை உற்பத்தியாளரின் கூட்டமைப்புக்கே அளித்தன. நாம் முன்னர் சுட்டிய கள், சாராயம் என்ற பிரிவின் வர்க்க உள்ளடக்கத்தை நினைவிற் கொண்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சாராயத்தின் இலாபம் மரமேறுபவனையும் சென்றடையும் வழி முதன்முறையாகத் திறந்தது.

இம்மாற்றத்தின் குறைபாடுகளை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. கூட்டுறவு அமைப்பு தொழிலாளியைச் சுரண்டலிலிருந்து ஓரளவு விடுவித்தது. சாதியோடு பிணைந்த தொழிலிலிருந்து விடுவிக்கவில்லை. தந்தையின் தளைநார் மகனுக்குச் செல்வதை அது தடுக்கவில்லை. அடுத்து வந்த நெடும்போர் பனைகளையும் ஊர்களையும் அழித்தது, தொழிலாளர் இடம்பெயர்ந்தனர், சங்கங்கள் நலிந்தன.

தெற்கிலே வரலாறு வேறு வழியிற் சென்றது. 1974இல் அரச வடிசாலைகள் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, சாராய உற்பத்தி அரசுடைமையின் கீழ் வந்தது. 1992இல் அந்நிறுவனம் தனியார்மயமாக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிரதேசக் குத்தகைகாரர் பலரின் இடத்தில், பங்குச் சந்தையினூடாக நாடளாவிய ஒரு பெருநிறுவனம் தோன்றியது. ஏலம் விட்ட அரசாங்க அதிபர் மறைந்தார், ஏகபோகம் மறையவில்லை.

அனுமதிப் பத்திரம் பற்றியும் இதனையே கூறலாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கான தேசிய அதிகார சபையை நிறுவி, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடைசெய்தது. பொதுச் சுகாதார நோக்கில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அனுமதிப் பத்திரம் அரசியற் சலுகைப் பொருளாக வழங்கப்படுவதை அது தடுக்கவில்லை. 2024 டிசம்பரில், அவ்வாண்டு வழங்கப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப் பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டமையும், அவை அரசியல் ஆதரவைப் பெறுவதற்கு வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தமையும் இதற்குச் சான்று. குத்தகைக் காலத்தில் உரிமை வெளிப்படையாக ஏலம் விடப்பட்டது என்பதே வேறுபாடு.

சட்டத்தின் ஒழுக்கம் யார்மீது பாய்கின்றது என்பதற்கும் அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று தவறணைகளில் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு இத்தடையை நீக்கியது. சில நாட்களுள்ளேயே சனாதிபதியின் பணிப்பின்பேரில் அந்நீக்கம் மீளப்பெறப்பட்டது. குடிப்பது நல்லதா என்பது இங்கு கேள்வியன்று. மதுவிலிருந்து வரும் வரியை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்திக்கொள்ளும் அரசு, பண்பாட்டைக் காக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் ஏற்றியமையே கவனத்துக்குரியது. வரி உயர உயர, மலையகத்திலும் கிராமங்களிலும் ஏழைத் தொழிலாளி கசிப்பை நாடுகின்றான். சட்டபூர்வமான சாராயம் அரசுக்கும் நிறுவனத்துக்கும் வருமானமாகின்றது. சட்டவிரோதமான கசிப்பு ஏழைக்கு நோயும் வழக்குமாகின்றது.

7

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒல்லாந்தர் காலக் குத்தகையிலிருந்து 1844, 1912 ஆகிய ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் வழியாக, 1992இன் தனியார்மயம் வரை, இலங்கையின் மதுச் சட்டங்களில் ஒரு தொடர்ச்சி உண்டு. உரிமை பெற்றவன் மாறினான். உரிமை வழங்கும் முறையும் மாறியது. உழைத்தவனை உபரியிலிருந்து விலக்கி வைக்கும் உறவு பெரும்பாலும் மாறவில்லை. 1972இன் கூட்டுறவு முயற்சி இத்தொடர்ச்சியில் ஏற்பட்ட முறிவாகும். அதன் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

மதுவொழிப்பை ஆதரிக்கும் முற்போக்காளர் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. தவறணையை மூடுமாறு கோருவது தவறன்று. ஆனால் தவறணையை மூடுவதோடு நின்றுவிடும் கோரிக்கை, ஒடுக்கப்பட்ட உழைப்பாளி ஒருவனின் சீவியத்தைப் பறித்து, மற்றோர் ஒடுக்கப்பட்ட உழைப்பாளியின் வீட்டைக் காக்க முயல்வதாகும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் அமைப்பை அது தொடுவதில்லை. குடிப்பவனின் வீட்டு அவலமும் இறக்குபவனின் கூலியும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்ற நோக்கிலிருந்தே உண்மையான மதுவொழிப்பு தொடங்க முடியும்.

ஆய்வாளருக்கும் இதிற் பணி உண்டு. மதுவரித் திணைக்களத்தின் நிருவாக அறிக்கைகளும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் வருமானத்தைப் பற்றிப் பேசுகின்றன. மரமேறியவர்களின் நினைவுகளோ எழுத்திற் பதியப்படாமலே மறைந்து வருகின்றன. எந்த மரத்துக்கு எவ்வளவு வாரம், எந்தத் தவறணையில் எவ்வளவு விலை, யார் விழுந்தார், விழுந்தவரின் குடும்பம் எவ்வாறு பிழைத்தது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நமது ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்களது வாய்மொழியைச் சட்ட ஏடுகளோடு ஒப்புநோக்கும்போதே இலங்கை மதுவரிச் சட்டங்களின் முழுமையான வரலாறு உருவாகும். அப்பணியில் பல்கலைக்கழக மாணவர் ஈடுபடுதல் வேண்டும்.